கையில என்ன இருக்குன்னு சொல்லிட்டு அடி

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி சித்தி பையன் கூட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ங்கிற சண்டை கேம்ல அவதார் பேட்டில், அதாவது நாமளே செஞ்ச ஆளை வச்சு மோதுறது, ஆடினேன். அவன் மதுரையில பிளேஸ்டேஷன்ல, நான் சென்னையில பிசில, கிராஸ்பிளே இருக்கிறதால யாரு எதுல ஆடுறாங்கங்கிறது ஒரு விஷயமே இல்ல. போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வச்சாச்சு. அவனோட அவதார் வந்து நின்னுச்சு, பாத்ததும் திக்குன்னு ஆயிருச்சு. கை முழங்காலுக்குக் கீழ தொங்குது, தலை சின்னதா, கால் குட்டையா. இந்த கேம்ல வேர்ல்டு டூர்னு ஒரு மோடு இருக்கு, அதுல நம்ம ஆளை நாமளே செஞ்சுக்கலாம், உடம்பு அளவெல்லாம் இஷ்டத்துக்கு இழுத்து வச்சுக்கலாம், கையை நீளமா வச்சா குத்தும் அவ்ளோ தூரம் போகும். அது மட்டும் இல்ல, கேம்ல இருக்கிற ரியூகிட்ட போய் கத்துக்கிட்டா ஹடோகென், அதாவது தூரத்துக்கு விடுற ஃபயர்பால், வரும், மல்யுத்தக்காரன் சாங்கிஃப்கிட்ட போய் கத்துக்கிட்டா ஸ்க்ரூ பைல்டிரைவர், அதாவது பக்கத்துல தூக்கி சுத்தி அடிக்கிற பிடி, வரும், ரெண்டையும் ஒரே ஆள் மேல மாட்டி விட்டுறலாம்.

முதல் ரவுண்டுல ஸ்க்ரீனோட அந்தக் கடைசியில நின்னுக்கிட்டு ஹடோகென் மேல ஹடோகென்னா விட்டான். சரி, ஃபயர்பால் ஆளு, உள்ள போயிட்டா பொழைச்சேன்னு கணக்குப் போட்டு தாண்டித் தாண்டி பக்கத்துல போனேன். போய் பிளாக் பண்ணிக்கிட்டு நிக்கிறேன், அப்படியே தூக்கி தலைகீழா சுத்தி தரையில இறக்கிட்டான். போன்ல "எப்பூடி?"ன்னு ஒரு சிரிப்பு.

தோத்தது எனக்கு பெரிசா தெரியல. அந்தக் கணக்கு தப்பானது தான் உறுத்துச்சு. ஏன்னா 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்ததுல இருந்து சாங்கிஃப்புக்கு ஃபயர்பால் கிடையாது. மலை மாதிரி உடம்பு, மெதுவான நடை, தூரத்துல இருந்து ஒண்ணும் பண்ண முடியாது, அதனால தான் பக்கத்துல வந்துட்டா அந்தப் பிடிக்கு அவ்ளோ பவர். கைல் (Guile)ங்கிற கேரக்டர் சோனிக் பூம்னு அவனோட ஃபயர்பாலை விடணும்னா பின்னாடி கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுட்டு தான் விடணும், அந்த நேரம் அவன் முன்னாடி நடந்து வர முடியாது, அதை வச்சு தான் நாம அவனை நெருங்குறோம். ஒரு கேரக்டர்னா அவனால என்ன முடியும்ங்கிறதை விட என்ன முடியாதுங்கிறது தான் முக்கியம்னு நான் நம்புறேன். எதிர்ல நிக்கிறவனுக்கு அது ஒரு வாக்கு மாதிரி. "நான் சாங்கிஃப்"னு செலக்ட் பண்ணின அந்த நிமிஷமே "தூரத்துல இருந்து உன்னைத் தொட மாட்டேன்"னு வாக்கு குடுத்தாச்சு.

இதைச் சொன்னதும் அவன் கிளம்பிட்டான். "ணே, எத்தனை வருஷமா அதே ரியூ அதே கென்னு, சலிக்கலையா உனக்கு? எனக்கு என் ஆளு வேணும். என் ஆளு ஃபயர்பாலும் விடுவான், தூக்கியும் அடிப்பான். அதுல என்ன தப்பு?" அவன் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான், ரேங்க்ட்ல என்னை விட மேல இருக்கான், ஆட்டம் தெரியாம பேசுற பையன் இல்ல. அதனால தான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேச்சு இழுத்துச்சு, அதுல பாதியைத் தான் இங்க எழுதுறேன், மீதி பாதி ஒருத்தரை ஒருத்தர் குறுக்க குறுக்க பேசினது.

எனக்கு இந்த விஷயத்துல பழைய காயம் ஒண்ணு இருக்கு. 2012 மார்ச்ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் வந்துச்சு, டெக்கன்ங்கிற இன்னொரு சண்டை கேம் ஆளுங்களும் சேர்ந்தது. அதுல ஜெம் சிஸ்டம்னு ஒண்ணு வச்சாங்க. ஒவ்வொரு கேரக்டருக்கும் 5 ஜெம் மாட்டிக்கலாம், ஒரு டீமுக்கு ரெண்டு பேரு, ஆக ஒரு பக்கம் 10, ரெண்டு பக்கமும் சேத்து 20. இதுல பூஸ்ட் ஜெம்னு ஒரு வகை, குறிப்பிட்ட ஒரு வேலையைச் செஞ்சா, இத்தனை அடி விழுந்தா இல்ல வாங்கினா, கொஞ்ச நேரத்துக்கு டேமேஜ் ஏறும், இல்ல ஸ்பீடு ஏறும், இல்ல டிஃபென்ஸ் ஏறும். இன்னொரு வகை அசிஸ்ட் ஜெம், புதுசா ஆடுறவங்களுக்குக் கை குடுக்கிறதுக்காம். தானா பிளாக் பண்ணும், எதிராளி த்ரோ போட்டா, அதாவது பிடிச்சுத் தூக்கி எறிஞ்சா, மீட்டர்ல (சண்டை போடப் போட நிரம்புற பவர் கோடு) கொஞ்சம் எடுத்துக்கிட்டு தானா தப்பிச்சுக்கும். இதுல சில ஜெம் முன்பதிவு பண்ணினவங்களுக்கு மட்டும், சிலது தனியா காசு குடுத்து வாங்கணும்.

ஃப்ரெண்டோட ரூம்ல பிஎஸ்3ல ஆடுவோம். அவன்கிட்ட இருக்கிற ஜெம் என்கிட்ட இல்ல. ஒரு நாள் ஃபுல்லா உக்காந்து அவனை எப்படி த்ரோ பண்றதுன்னு பழகினேன், குனிஞ்சு லைட் கிக், ஒரு மூச்சு நிறுத்தி, அவன் அடுத்த அடிக்கு பிளாக் பண்ணிக்கிட்டு இருக்கும்போது ஒரு எட்டு வச்சு த்ரோ. ஃபைட்டிங் கேம்ல இது தான் அடிப்படை, பிளாக் பண்றவனை த்ரோ பண்ணணும், த்ரோ வரும்னு பயந்து எந்திரிக்கிறவனை அடிக்கணும். அவன் பட்டனையே தொடல, த்ரோல இருந்து தப்பிச்சுட்டான். நான் அவன் மூஞ்சியைத் தான் பாத்தேன், அவனும் என்னை மாதிரியே முழிக்கிறான், என்ன நடந்துச்சுன்னு அவனுக்கே தெரியல. நான் அவன் மனசைப் படிச்சது சரி, அவன் படிக்க விட்டதும் உண்மை, ஆனா நடுவுல மூணாவதா ஒருத்தன் வந்து முடிவை மாத்திட்டுப் போயிட்டான். அன்னைக்கு ராத்திரி நல்லா தூக்கம் வரல, சின்ன விஷயம் தான், ஆனா ஒரு நாள் உழைப்பு.

அந்த கேமோட கதை எல்லாருக்கும் தெரியும், டிஸ்க்லயே இருந்த 12 கேரக்டரை பூட்டி வச்சுட்டு அப்புறம் தனியா வித்தது தான் பெரிய சண்டையாச்சு. எனக்கு அதை விட ஜெம் தான் வலிச்சுச்சு. டோர்னமெண்ட்ல அடுத்தவன் மெஷின்ல உக்காந்து ஆடணும், அங்க உன் ஜெம் செட் இருக்காது, ஒவ்வொரு மேட்சுக்கும் உக்காந்து மாட்டிக்கிட்டு இருந்தா போட்டி எப்ப முடியும்? 20 ஜெம்ல எதிராளியோட 10 ஜெம் என்னென்ன, எது எப்ப எரியும்னு சண்டைக்கு நடுவுல எவன் ஞாபகம் வச்சுக்க முடியும்?

சித்தி பையன் இங்க ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அப்ப சாய்ஸே கூடாதா? தேர்ட் ஸ்ட்ரைக்ல மட்டும் சூப்பர் ஆர்ட் செலக்ட் பண்றாங்களே, அது கஸ்டமைசேஷன் இல்லையா?"

இது தான் எனக்கு வேண்டிய கேள்வி. 1999ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்ல ஆளை எடுத்ததும் மூணு சூப்பர் ஆர்ட்ல, அதாவது மீட்டர் நிரம்பினா விடுற பெரிய அடிகள்ல, ஒண்ணை எடுக்கணும். கென்னுக்கு மூணாவது சூப்பர் எடுத்தா மீட்டர் சின்னது, ஆனா மூணு வரைக்கும் சேத்து வச்சுக்கலாம், ரெண்டாவது எடுத்தா நீளமான மீட்டர் ஒண்ணே ஒண்ணு தான். ஒண்ணு எடுத்தா ஒண்ணு போச்சு. எடுத்தது என்னன்னு ஸ்க்ரீன்ல கீழ மீட்டர் பக்கத்துலயே நம்பரா நிக்கும், மேட்ச் முடியிற வரைக்கும்.

2004ல எவோங்கிற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில நடந்ததை யூடியூப்ல பாக்காதவங்க இருந்தா இப்பவே போய் பாத்துட்டு வாங்க. லூசர்ஸ் ஃபைனல் (ஒரு தடவை தோத்தவங்களோட ஃபைனல்), டைகோ உமெஹாரா ஆடுறது கென், ஜஸ்டின் வாங் ஆடுறது சுன்-லி. டைகோகிட்ட உயிர் ஒரு கோடு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு, பிளாக் பண்ணினாலே அந்த சிப் டேமேஜ்ல செத்துருவான். ஜஸ்டின் ஹோயோகுசென் சூப்பரை விடுறான், 15 உதை. டைகோ ஒவ்வொரு உதைக்கும் சரியான நேரத்துல முன்னாடி தட்டித் தட்டி பேரி பண்றான், அதாவது உயிர் குறையாம தடுக்கிறான், கடைசி உதையை குதிச்சு காத்துல பேரி பண்ணிட்டு இறங்கி, ஒரு காம்போ, தன்னோட சூப்பர், ரவுண்டு முடிஞ்சுச்சு. கூட்டம் கத்துற கத்துல கமெண்டரியே கேக்காது.

அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கு இல்ல. ஆனா ரொம்ப நாள் கழிச்சு தான் உறைச்சுச்சு, சூப்பர் வருதுன்னு ஸ்க்ரீன் மின்னினதைப் பாத்துட்டு அழுத்துறதுக்கு முதல் உதைக்கு நேரம் பத்தாது. டைகோ முன்னாடியே எதிர்பாத்துக்கிட்டு இருந்திருக்கணும். எப்படி முடிஞ்சுச்சு? ஜஸ்டின் கையில இருக்கிறது ரெண்டாவது சூப்பர் தான்னு டைகோவுக்குத் தெரியும், மீட்டர் ரெடின்னு தெரியும், இந்த நிலைமையில எந்த சுன்-லியும் அதைத் தான் விடுவான்னு தெரியும். ஜஸ்டினுக்கும் டைகோவுக்குத் தெரியும்னு தெரியும். எல்லாம் வெட்ட வெளிச்சத்துல நடந்துச்சு. அந்த சுன்-லிகிட்ட நமக்குத் தெரியாம மாட்டின ஏதோ ஒரு எக்ஸ்ட்ரா இருந்து, எட்டாவது உதை மட்டும் நேரம் மாறி வந்திருந்தா? டைகோ செத்திருப்பான், வீடியோவை யாரும் பாத்திருக்க மாட்டோம்.

"ஆனா ணே, எல்லாரும் சுன்-லிக்கு அதே ரெண்டாவதைத் தானே எடுக்கிறான், கென்னுக்கு மூணாவது தானே, அப்ப அந்த சாய்ஸ் சும்மா பேருக்கு தானே"ன்னான். உண்மை. நான் மறுக்கல. மூணுல ஒண்ணு நல்லா இருந்தா மத்த ரெண்டும் தூசி படிஞ்சு கிடக்கும், இது எந்த கேம்லயும் இருக்கிற நோய். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5ல 2018 ஜனவரில எல்லாருக்கும் வி-டிரிகர்னு இருக்கிற பவர்ல ரெண்டாவதா ஒண்ணு குடுத்தாங்க, அதுலயும் நிறைய கேரக்டருக்கு ஒண்ணு தான் ஓடுச்சு. நான் சொல்றது சாய்ஸ் எல்லாம் சமமா இருக்கும்னு இல்ல. சாய்ஸ் இருக்கட்டும், அது கண்ணுக்குத் தெரியட்டும், மனசுல நிக்கிற அளவுக்கு இருக்கட்டும். கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2ல ஆறு க்ரூவ், அதாவது ஆடுற பாணி, இருந்துச்சு, சி, ஏ, பி, எஸ், என், கே. கே-க்ரூவ்னு பாத்த உடனே தெரிஞ்சுரும், இவன் அடி வாங்க வாங்க கோபம் ஏறும், ஏறினப்புறம் கிட்ட போகாதன்னு. ஆறு தான், யாருக்கும் பாடம் ஆயிரும்.

அவன் விடல. எதிராளி கையில என்ன இருக்குன்னு தெரியாம ஆடுறதுலயும் ஒரு த்ரில் இருக்குல்லன்னான். இருக்கு. ஆனா சீட்டாட்டத்தை எடுத்துக்கோ, நீ ரம்மி ஆடுற, எதிராளி கைச்சீட்டு உனக்குத் தெரியாது, ஆனா கட்டுல இருக்கிறது 52 சீட்டு, ஒவ்வொரு ஜாதியிலயும் 13ன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால தான் அவன் எதைக் கீழ போடுறான், எதை எடுக்கிறான்னு பாத்து கணக்குப் போட முடியுது. ஒருத்தன் வீட்டுல இருந்து தனியா வாங்கின சீட்டைக் கொண்டு வந்து சொருகினா அந்தக் கணக்குக்கு மதிப்பே இல்ல. ஃபைட்டிங் கேம்ல மறைக்க வேண்டியது அடுத்து என்ன பண்ணப் போறோங்கிறதை. என்னென்ன பண்ண முடியுங்கிறதை இல்ல.

இந்த சண்டை உலகம் பூரா நடந்த சண்டை தான். நிண்டெண்டோவோட வீ யூ மெஷின்ல வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ்ல, 2014ல, ஒவ்வொரு கேரக்டருக்கும் நாலு ஸ்பெஷல், ஒவ்வொண்ணுக்கும் மூணு விதம், ஆக ஒரு கேரக்டரே 81 விதமா வரலாம். பாக்க அதே டாங்கி காங் தான், ஆனா மேல எழும்புற ஸ்பெஷலை மாத்தி வச்சிருந்தா சுத்துற காத்துலயே உன்னை உள்ள இழுத்துப் போட்டுரும். இந்த மூவையெல்லாம் ஆடி ஆடி அதிர்ஷ்டத்துல தான் திறக்க முடியும், ஒரு டோர்னமெண்ட்ல அத்தனை மெஷின்லயும் யாராவது உக்காந்து திறந்து வைக்கணும். அப்புறம் டிஎல்சியா (தனியா வாங்குற கூடுதல் கேரக்டரா) வந்த மியூடூ, ரியூ இவங்களுக்கெல்லாம் கஸ்டம் மூவே கிடையாது. இருந்தும் எவோ 2015ல கஸ்டம் மூவை அனுமதிச்சாங்க, ஸீரோங்கிற ஆட்டக்காரன் தான் ஜெயிச்சான், அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே பெரிய போட்டிகள் கஸ்டமை விட்டுட்டாங்க. 2018ல அல்டிமேட் வந்தப்ப மத்த கேரக்டருக்கு அதை எடுத்தே விட்டாங்க, நாமளே செஞ்சுக்கிற மீ ஃபைட்டருக்கு மட்டும் இருக்கு. மீ ஆடுறவங்க தங்களோட செட்டை நாலு நம்பரா சொல்வாங்க, 1332ன்னோ 2213ன்னோ. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நாலு ஸ்பெஷல், ஒவ்வொண்ணுலயும் எத்தனாவதுன்னு சொல்லிட்டு உக்காருறான். என் ஆளு இது தான், வா.

மார்ட்டல் காம்பாட் 11ல சித்தி பையன் பக்கம் தான் நியாயம் அதிகம்னு நான் ஒத்துக்கிட்டேன். 2019ல அது வந்தப்ப கஸ்டம் வேரியேஷனைக் காட்டி தான் ஆசை காட்டினாங்க, மூணு ஸ்லாட், அதுல எந்த எபிலிட்டி வேணுமோ மாட்டிக்கோன்னு. ஆனா போட்டியில முதல்ல ரெடிமேடா குடுத்த வேரியேஷன் மட்டும் தான்னு சொல்லிட்டாங்க. ஒருத்தனுக்குப் பிடிச்ச மூவ் அந்த ரெடிமேட் ரெண்டுலயும் இல்லன்னா அவன் எங்க போவான்? எபிலிட்டி எல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு, மூணு ஸ்லாட் தான், லிஸ்டும் சின்னது. செலக்ட் ஸ்க்ரீன்ல காட்டினா போதும், ஆரம்பத்துலயே திறந்து விட்டிருக்கலாம். இன்ஜஸ்டிஸ் 2 வேற விஷயம், அதுல பெட்டியில இருந்து லாட்டரி மாதிரி கியர் விழும், அந்தக் கியர் உயிரையும் அடியையும் ஏத்தும். போட்டியில அதை ஆஃப் பண்ணி வச்சது நூத்துக்கு நூறு சரி, யாரு கூடுதல் நேரம் பெட்டி உடைச்சான்னு பாக்கவா நாம போட்டி வைக்கிறோம்.

காசும் நேரமும் ஏன் உள்ள வரக்கூடாதுன்னு நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு காரணம் அர்ஸ்லான் ஆஷ். லாகூர்காரன். 2019 பிப்ரவரில எவோ ஜப்பான்ல டெக்கன் 7 ஜெயிச்சான், அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காவுல மெயின் எவோவுலயும் கொரியாக்காரன் 'நீ' (Knee)ங்கிறவனை ஜெயிச்சான். அதுக்கு முன்னாடி கொரியா, ஜப்பான் ஆளுங்க தான் டெக்கன்னு உலகம் நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவன் ஆடின கசுமிங்கிற கேரக்டர் லாகூர்ல எப்படியோ எவோ ஜப்பான் நடந்த ஃபுகுவோகாவுலயும் அப்படியே. அதே குத்து, அதே ஃபிரேம் கணக்கு (அடி வர எடுக்கிற நுண்ணிய நேரம்), அதே தூரம். டெக்கன்லயும் கஸ்டமைசேஷன் கொட்டிக் கிடக்கு, தொப்பி, றெக்கை, முதுகுல மீனு, எல்லாம் அலங்காரம். (அந்த பெரிய றெக்கையால சில சமயம் கால் எங்க இருக்குன்னே தெரியாது, அது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் அடி மாறல.) நம்ம பக்கத்துல இருந்து ஒரு பையன் கடனுக்கு ஒரு கேம் பேட் வாங்கி ஆடி மேல வரணும்னா அவன் வீட்டுல பழகின ஆளும் மேடையில ஆடுற ஆளும் ஒண்ணா இருக்கணும். அதே டெக்கன் 7ல ஃபிரேம் டேட்டா காட்டுற வசதியை தனியா காசுக்கு வித்தாங்க, அது எனக்கு இன்னைக்கும் ஆறல. எதிராளி அடிச்சப்புறம் உனக்கு எத்தனை ஃபிரேம் நேரம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிறது அரிசி பருப்பு மாதிரி அத்தியாவசியம்.

மாடர்ன் கண்ட்ரோல் பத்தியும் பேச்சு வந்துச்சு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல அதை எடுத்தா ஒரே பட்டன்ல ஷோர்யுகென், அதாவது மேல எழும்பி அடிக்கிற குத்து, வரும், நாம குதிச்சா டக்குன்னு அடிச்சுருவான். நான் ஆரம்பத்துல கடுமையா எதிர்த்தவன், கை வலிக்க வலிக்க ஸ்டிக்கைச் சுத்திச் சுத்தி மோஷன் பழகினது நாங்கன்னு. இப்ப எதிர்க்கல. ஒரு பட்டன்ல விட்டா அந்த ஸ்பெஷலுக்கு டேமேஜ் 20 சதவீதம் குறையும், சில நார்மல் அடி கிடைக்கவே கிடைக்காது, அவன் மாடர்னா கிளாசிக்கான்னு மேட்சுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சா நான் குதிக்கிறதைக் குறைச்சுக்கிறேன், நடந்து போறேன், டிரைவ் ரஷ்னு சட்டுன்னு பாயுற ஓட்டத்துல போறேன். கண்ணு முன்னாடி சொல்லிட்டு வர்றவன் மேல எனக்கு என்ன கோபம்.

கடைசியில மணி ஒண்ணு ஆனப்ப அவன் தான் சொன்னான், "சரிணே, என் அவதார்ல என்னென்ன மாட்டியிருக்கேன்னு எழுதி அனுப்புறேன், நீயும் அனுப்பு, அப்ப ஆடலாம்ல?" ரெண்டு நிமிஷத்துல வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்துச்சு, ரெக்கார்ட் நோட்டுல இருந்து கிழிச்ச தாள், நீல மை, ஹடோகென், ஸ்க்ரூ பைல்டிரைவர், அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு மூவ், கடைசியில "கை நீளம்: ஃபுல்"னு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான். நானும் என்னோடதை எழுதி அனுப்பினேன். நான் எழுதி முடிச்சப்ப தான் என் ஆளுகிட்ட தூரத்துல இருந்து அடிக்க ஒண்ணுமே இல்லன்னு எனக்கே தெரிஞ்சுச்சு.

அந்தத் தாளை கீபோர்டு பக்கத்துல போன்ல திறந்து வச்சுக்கிட்டு ஏழு மேட்ச் ஆடினோம். அவன் நாலு, நான் மூணு. கடைசி மேட்ச்ல பக்கத்துல போய் நின்னப்ப பைல்டிரைவர் வரும்னு தெரிஞ்சு நேரா மேல குதிச்சேன், அவன் காத்தைப் பிடிச்சான், நான் இறங்கி அடிச்சேன். "ஏய், எப்படிணே?"ன்னான். நீ தானேடா எழுதிக் குடுத்தன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் தாளை மாத்தி அனுப்புவான், இப்பவே சொல்லிட்டான்.